எழுபதை இரண்டாக்க வேண்டாம்

எங்கள் போதகரான அச்சனுக்கும், சபைக் கமிட்டியாருக்கும், கேரல் பொறுப்பை எடுத்திருக்கிற வாலிபத் தம்பிமாருக்கும் சண்டே ஸ்கூல் டீச்சர் எழுதுவது. ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலர் டிசம்பர் மாத நிகழ்ச்சிகளை வாசித்தார். ஒன்றாம் தேதி ராத்திரி பாக்டரி லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தொடங்கி கேரல் ரவுண்ட்ஸ். இரண்டாவது வாரம் கிறிஸ்மஸ் மரம். மூன்றாவது வாரம் பெண்கள் ஐக்கியத்தின் கிறிஸ்மஸ். நான்காவது வாரம் கீதாராதனையும் பிரியாணியும். முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி, புது வருடத்துக்கு ஆளுக்கொரு வசனம் விழுகிற வாக்குத்தத்த அட்டை. இந்த வருடம் பளபளப்புத் தாளில் அடிக்கக் கம்பம் டவுனில் அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டதாம். “யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார். எனக்குச் சொல்ல இருந்தது. ஆனால் பின்வரிசைப் பிள்ளைகள் கேக் எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சத்தத்தில் எழுந்து நிற்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்தக் கேரள மலையில் வண்டிப்பெரியாற்றைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களுக்குள் இருக்கிற மற்றத் தமிழ்ச் சபைகளுக்கும் இது பொருந்தும் என்று தோன்றுவதால் கவரில் போட்டு ஒட்டாமல் திறந்தே தருகிறேன்.

அந்தப் பட்டியலில் அட்வெந்து எங்கே?

நான் கேரலுக்கு விரோதி இல்லை. பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து ஒருவர் முன்னே போக, கட்டன் காப்பிக்காகவே பின்னால் ஓடி வளர்ந்தவள்தான் நானும். அப்போது கேரல் வந்தால் கிறிஸ்மஸ் நாளை மறுநாள் என்று அர்த்தம். இப்போது ஒன்றாம் தேதியே “பிறந்தார், பிறந்தார்” என்று பாடிவிடுகிறோம். இருபத்தைந்தாம் தேதி காலையில் பிள்ளைகள் ஆராதனையில் தூங்குகிறார்கள். பாவம், அவர்களுக்கு அது ஐந்தாவது கிறிஸ்மஸ்.

அட்வெந்து என்றால் வருகை. லத்தீனிலிருந்து வந்த சொல். நவம்பர் 30 அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் விழும் ஞாயிறுதான் அட்வெந்தின் முதல் ஞாயிறு. அங்கிருந்து கிறிஸ்மஸ் வரை நான்கு ஞாயிறு. திருச்சபையின் வருடமே அன்றைக்குத்தான் தொடங்குகிறது, ஜனவரி ஒன்றில் அல்ல. முதல் ஞாயிறின் வாசிப்பில் மாட்டுக்கொட்டகையும் வராது, மேய்ப்பர்களும் வரமாட்டார்கள். “விழித்திருங்கள்” என்று ஆண்டவர் தம்முடைய இரண்டாம் வருகையைப் பற்றிப் பேசுகிற பகுதிதான் வரும். அடுத்த இரண்டு வாரமும் யோவான் ஸ்நானன் வனாந்தரத்தில் நின்று சத்தம் போடுவான். நான்காவது ஞாயிறில்தான் மரியாள் எட்டிப் பார்க்கிறாள். ஒரு முறை வந்தவர் இன்னொரு முறை வருவார், நாம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வருடத்தில் நமக்குக் கிடைப்பது இந்த நான்கு வாரம்தான்.

நம் லயத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் சுறியானிக் கிறிஸ்தவச் சேட்டத்தியைப் பாருங்கள். டிசம்பர் ஒன்று முதல் அவர் வீட்டில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. இருபத்தஞ்சு நோம்பு. கிறிஸ்மஸ் விடிந்த பிறகுதான் அப்பத்துக்கு இறைச்சிக் கறி. ‘எப்படி அக்கா அடக்கி வைக்கிறீங்க’ என்று கேட்டதற்கு, ‘அடக்கினாத்தானே டீச்சரே அன்னைக்கு ருசி’ என்றார். கத்தோலிக்கக் கோயிலில் இதைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். சாமியார் ஊதா உடுப்பு போடுவார். ஞாயிறு பூசையில் வழக்கமாகப் பாடும் ‘உன்னதங்களிலே’யை நிறுத்தி வைத்துவிடுவார்கள். தூதர்கள் பாடிய பாட்டு, அதைத் தூதர்கள் பாடுகிற ராத்திரி வரைக்கும் பாடுவதில்லை. அப்புறம் டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு நாள், மாலை ஜெபத்தில் நாளுக்கு ஒரு பெயர் சொல்லி ஆண்டவரைக் கூப்பிடுகிறார்கள். ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதிக்கும் விடியலே, ஜனங்களின் ராஜாவே, இம்மானுவேலே. ஒவ்வொன்றிலும் ‘வாரும்’ உண்டு. ‘வந்தார்’ கிடையாது.

நாம் மட்டும்தான் இடையில் எதையும் வைக்காமல் நேராகக் கேக்குக்குப் போகிறோம். கேக்குக்காக நான் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். முப்பத்தொன்றாம் தேதி அட்டைக்காகத்தான் எழுதுகிறேன். இரண்டும் ஒரே நோய் என்று நான் நினைக்கிறேன்.

அட்டைகளில் எப்போதும் வருகிற வசனம் எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.” நம் வீடுகளில் பாதி வீட்டுச் சுவரில் இது இருக்கும். பத்தாவது வசனம் எந்த வீட்டுச் சுவரிலும் இல்லை. பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பிறகுதான் உங்களைச் சந்திப்பேன் என்று கர்த்தர் சொல்வது அங்கேதான். எழுபது வருடம்! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது; அதை வாங்கிப் படித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பவே போவதில்லை என்று அதற்கு அர்த்தம். ஆகவே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று அதே கடிதத்தில் எரேமியா எழுதுகிறார்.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். அவருடைய கணக்கு இரண்டே வருடம். இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில், ஜனங்கள் எல்லாரும் பார்க்க, பாபிலோனுக்கு அடிமைப்படுவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். அன்றைக்கு நாம் அங்கே இருந்திருந்தால் யாருக்கு ஆமென் சொல்லியிருப்போம்? நான் அனனியாவுக்குத்தான் சொல்லியிருப்பேன். எரேமியாவே முதலில் “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றுதான் சொன்னார். அவருக்கும் ஆசை இருக்காதா? ஆனால் மரநுகம் போன இடத்தில் இரும்புநுகம் வந்தது. அனனியா அந்த வருடமே இறந்துபோனார்.

இதைப் பாடமாகச் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. எங்கள் வீட்டில் நடந்தது.

2000-த்தை ஒட்டிய வருடங்களில் தேயிலை விலை விழுந்து பீர்மேட்டுப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் பூட்டினார்களே, அப்போது எங்கள் தோட்டமும் பூட்டியது. சம்பளம் இல்லை, கிராஜுட்டி இல்லை. லயத்துக் கூரைக்கு ஓடு கேட்கக்கூட ஆள் இல்லை. “அடுத்த மாசம் திறந்துருவாங்க” என்று சொல்லாத ஆள் கிடையாது. அந்த வருடக் கடைசி ராத்திரி அப்பாவுக்கு விழுந்த அட்டை: “இதோ, திறந்தவாசலை உனக்கு முன்பாக வைத்திருக்கிறேன், அதை ஒருவனும் பூட்டமாட்டான்.” அன்றைக்குப் பிரசங்கம் பண்ணியவர் அப்பா கையில் இருந்த அட்டையை வாங்கி எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, “இந்த வருஷம் தோட்டத்துக் கேட்டு திறக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். அல்லேலூயாச் சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. அவர் நல்ல மனுஷன்; எங்களுக்கு அரிசி கொண்டுவந்து கொடுத்தவர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

கேட்டு திறக்கவில்லை. அந்த வருடமும் இல்லை, அதற்கடுத்த இரண்டு வருடமும் இல்லை. அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது அந்த அட்டை வழக்குக் காகிதங்களுக்கு நடுவில் இருந்தது. ஓரம் கறையான் தின்றிருந்தது. அன்றைக்குத்தான் நான் வேதத்தை எடுத்து அந்த வசனத்தை முழுசாக வாசித்தேன். வெளிப்படுத்தல் 3:8. பிலதெல்பியா என்கிற சின்னச் சபைக்கு எழுதியது. அட்டையில் அச்சடிக்காமல் விட்ட பாதியில், உனக்குக் கொஞ்சம் பெலன் இருந்தும் நீ என் நாமத்தை மறுதலிக்கவில்லை என்று இருக்கிறது. கொஞ்சம் பெலன். அதுதான் எங்கள் அப்பா. அந்த ஒரு வரியை யாராவது அவருக்கு உயிரோடு இருக்கும்போது வாசித்துக் காட்டியிருக்கலாம். தோட்டம் திறக்கும் என்று கர்த்தர் அவருக்கு எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. நாம்தான் கர்த்தருடைய பெயரில் கொடுத்தோம். அது நடக்காமல் போனபோது கடைசிக் காலத்தில் அப்பா சந்தேகப்பட்டது கர்த்தரையும் அல்ல, நம்மையும் அல்ல. தன் விசுவாசத்தைச் சந்தேகப்பட்டார். “நான் சரியா ஜெபிக்கலையோ” என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அட்டை அச்சடிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மூன்று வருடமும் அப்பா என்ன செய்தார் என்பதையும் சொல்கிறேன். பூட்டிக் கிடந்த பாக்டரிக்கு ராத்திரிக் காவல் இருந்தார். கூலி கிடையாது. பழைய இரும்பு வாங்குகிற ஆக்ரிக்காரர்கள் லாரி கொண்டுவந்து ரோலரையும் டிரையரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டால் தோட்டம் திறந்தாலும் வேலை இருக்காதே என்று தொழிலாளிகளே முறை போட்டுக் காத்தார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு டார்ச், தூக்குச்சட்டியில் கட்டன் காப்பி. சில ராத்திரி நானும் துணைக்குப் போவேன். பாக்டரிக்குள் பழைய தேயிலைத் தூசி வாசனை போகவே இல்லை. விடியற்காலம் நாலு மணிக்கு மேல் குளிர் கூடும். அப்போது அப்பா எழுந்து எந்திரங்களைச் சுற்றி ஒரு நடை நடப்பார், ரோலரின் பித்தளைத் தட்டைக் கையால் ஒரு முறை துடைப்பார், வந்து உட்காருவார். ஏன் துடைக்கிறீங்க என்று கேட்டால், “சும்மா விட்டா களிம்பு பிடிச்சிரும்ல” என்பார்.

தமிழில் காத்திருத்தல் என்கிற சொல்லுக்குள்ளேயே காவல் இருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. ஆபகூக் தீர்க்கதரிசி தம்முடைய இரண்டாம் அதிகாரத்தை “நான் என் காவலிலே தரித்து” என்றுதான் ஆரம்பிக்கிறார். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பதில் வருகிறது: “அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு, அது நிச்சயமாய் வரும்.” விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரனைப் பற்றி 130-ஆம் சங்கீதம் பாடுகிறதே, அவன் பாயில் படுத்துக்கொண்டு காத்திருக்கிறவன் இல்லை. எருசலேம் ஆலயத்தில் ஏறக்குறைய 84 வயது அன்னாள் இரவும் பகலும் இருந்ததும் ஒரு காவல்தான். குழந்தையை அடையாளம் கண்டுகொள்ள ஆள் அங்கே இருக்கவேண்டும் அல்லவா?

சரி, அப்படியானால் கர்த்தர் எதைத்தான் வாக்குப் பண்ணினார் என்று கேட்பீர்கள். அட்வெந்து முழுக்க அதைத்தான் பேசுகிறது. “தேவன் நம்மோடு இருக்கிறார்” என்ற பெயருடைய ஒருவர் வருவார். பசியுள்ளவர்கள் நன்மைகளினால் நிரப்பப்படுவார்கள், ஐசுவரியமுள்ளவர்கள் வெறுமையாய் அனுப்பப்படுவார்கள் என்று மரியாள் வயிற்றில் பிள்ளையோடு பாடினாள். பூட்டின தோட்டத்தில் அந்தப் பாட்டைக் கேட்டவளுக்கு அது தாலாட்டு இல்லை. முதலாளிமாருக்கு எதிராக மேலே ஒருவர் எழுதி வைத்திருக்கிற கணக்கு. அது என் காலத்தில் தீரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆபிரகாமுக்குச் சொன்னபோது அவருக்கு 75 வயது, ஈசாக்கு பிறந்தபோது 100. சந்ததிக்கே 25 வருடம். தேசத்தைப் பொறுத்தவரை அவர் கையில் கிடைத்தது சாராளைப் புதைக்கக் காசு கொடுத்து வாங்கிய ஒரு நிலம்தான். எபிரெயர் நிருபம் இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று ஒளிக்காமல் எழுதுகிறது. ‘அடையாமல்’ என்கிற சொல்லை எந்த அட்டையிலாவது பார்த்திருக்கிறோமா?

(நம் மலைக்கு நீண்ட கெடு ஒன்றும் புதிதில்லை. பெரியாற்று அணைக்காகத் திருவிதாங்கூர் 1886-ல் எழுதிக்கொடுத்த குத்தகையே 999 வருடம். இரண்டு சர்க்கார்களும் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டு வழக்காடுகிறார்கள். எழுபது வருடத்துக்கு நாம் ஏன் மலைக்கிறோம்?)

பிள்ளைகளுக்கு ஏசாயா 11:1 சொல்லிக்கொடுக்கிறேன். “ஈசாயென்னும் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றி.” சமவெளியில் இருக்கிற டீச்சருக்கு இதை விளக்கப் படம் வேண்டும். எனக்கு வேண்டாம். கவாத்து வெட்டின மலையைக் காட்டினால் போதும். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை ஒரு மலை முழுக்க வெட்டி மொட்டையாக விடுகிறார்களே, அதைப் புதிதாகப் பார்க்கிறவன் தோட்டம் செத்துவிட்டது என்றுதான் சொல்லுவான். இலை ஒன்றுகூட இல்லாமல் சாம்பல் நிறத்தில் கை கையாக நிற்கும். அம்மா அந்தப் பாதையில் போகும்போது ஒரு செடியின் அருகில் குனிந்து, முழங்கை கனக் கட்டையில் பாசியை நகத்தால் சுரண்டிக் காட்டுவாள். அடியில் கடுகளவு ஒரு முட்டு இருக்கும். இருக்கு என்று சொன்னால்தான் தெரியும். மறுபடி கொழுந்து கூடைக்கு வர மூன்று மாதம் போலப் பிடிக்கும். அதற்கு முன்னால் கை வைத்தால் செடி கெட்டுப்போகும். கங்காணிக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் அந்த மலையில் ஆள் இறக்கமாட்டார்.

ஈசாய் தாவீதின் அப்பா. தாவீதின் வம்சமும் அப்படி வெட்டுப்பட்ட மரம்தான். எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்த பிறகு தாவீதின் வம்சத்தான் ஒருவனும் அந்தச் சிங்காசனத்தில் உட்காரவில்லை. ஏறத்தாழ 600 வருடம் கட்டை கட்டையாகவே நின்றது. அப்புறம் பெத்லகேமில் ஒரு முட்டு. அதுவும் குனிந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. இந்த 600 வருடத்தை நான்கு ஞாயிறாகச் சுருக்கித் தந்திருக்கிறார்கள் பெரியவர்கள். அதையும் நாம் பிரியாணி வைத்து மூடினால் எப்படி?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

கேரல் ரவுண்ட்ஸை டிசம்பர் 17-க்குத் தள்ளிப்போடுங்கள். அந்த ஏழு பெயர்களின் நாட்களோடு அது சேர்ந்து வரும். தம்பிமாருக்கு எல்லா லயத்துக்கும் போக நாள் போதாது என்றால் நான் கூட வந்து மேல் டிவிஷனைப் பார்த்துக்கொள்கிறேன். கிறிஸ்மஸ் மரத்தையும் பெண்கள் ஐக்கியத்தின் விழாவையும் கிறிஸ்மஸுக்குப் பிறகு வையுங்கள். பழைய வழக்கப்படி கிறிஸ்மஸ் பன்னிரண்டு நாள், ஜனவரி 5 வரை. பிரியாணி அதற்குள் கெட்டுப்போகாது.

அட்டையை நிறுத்தச் சொன்னால் ஜனங்கள் என்னை அடிக்க வருவார்கள். நிறுத்த வேண்டாம். வசனத்தை முழுசாக அடியுங்கள். 29:11 போட்டால் 29:10-ஐயும் போடுங்கள். எழுத்து சின்னதானால் பரவாயில்லை, அட்டையைப் பெரிதாக்குங்கள். யாருக்கு விழுந்த அட்டையையும் மேடையில் வாங்கி, இந்த வருடம் உனக்கு இது நடக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். மகனுக்கு வளைகுடாவில் விசா வராமல் இருக்கிறவர்களும், டயாலிசிஸுக்குக் கோட்டயம் போய் வருகிறவர்களும் நம் சபையில் இருக்கிறார்கள்.

அட்வெந்து வாசிப்புகளை அச்சன் மாற்றாமல் வாசிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உலகத்தில் பல சபைகள் பின்பற்றுகிற மூன்று வருட வாசிப்புச் சுற்றில் ஒரு வருடம் முதல் ஞாயிறுக்கு எரேமியா 33 வருகிறது. தாவீதுக்கு நீதியின் கிளையை முளைக்கப்பண்ணுவேன் என்று அங்கேயும் அதே முளைதான். அந்த வார்த்தை எரேமியாவுக்கு வந்தபோது நகரம் முற்றுகையில் இருந்தது, அவர் காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்தார். அதற்கு முந்தின அதிகாரத்தில், எதிரி கைக்குப் போகப்போகிற ஆனதோத் நிலத்தை 17 சேக்கல் வெள்ளி எடைபோட்டுக் கொடுத்து வாங்குகிறார். பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார், நெடுநாள் இருக்கும்படிக்கு. அப்பாவின் தகரப் பெட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்பாண்டம் ஞாபகம் வரும். அப்பா அந்தப் பகுதியைக் கேட்டிருந்தால் எரேமியாவோடு நன்றாகப் பேசியிருப்பார் என்று தோன்றும்.

சண்டே ஸ்கூல் பங்குக்கு நாங்கள் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறோம். 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய யோஹான் வீக்கர்ன் என்ற போதகரைப் பிள்ளைகள் ‘கிறிஸ்மஸ் எப்போ, எப்போ’ என்று நச்சரித்தார்களாம். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். அட்வெந்து வளையம் அப்படி வந்தது. எங்களுக்கு வண்டிச் சக்கரம் கிடைக்கவில்லை. பழைய சைக்கிள் ரிம் ஒன்றில் கவாத்துக் குச்சிகளைச் சணல் கயிற்றால் கட்டி வளையம் செய்திருக்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘டீச்சர், குச்சி காஞ்சு கிடக்கே, பச்சைப் பெயின்ட் அடிச்சிரலாமா?’ என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வெட்டின குச்சி துளிர்க்காது, செடிதான் துளிர்க்கும், ஜன்னல் வழியாக அதைப் பார் என்றேன். கோயில் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிற மலையை இந்த ஆகஸ்டில்தான் வெட்டினார்கள்.

முதல் ஞாயிறு ஒரு மெழுகுவர்த்தி மட்டும். அதை நம் சபையில் எல்லாரையும்விட வயதான பாட்டி ஏற்றட்டும், கமிட்டித் தலைவர் வேண்டாம். தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். கதவோரம் காற்று அடிப்பதால் வளையத்தைப் பீடத்துக்கு இடப்பக்கம் வைக்க அனுமதி வேண்டும். தீப்பெட்டி நான் கொண்டுவருகிறேன், கோயிலில் இருப்பது நமத்துப்போய்விட்டது.

இப்படிக்கு,
உங்கள் சண்டே ஸ்கூல் டீச்சர்,
வண்டிப்பெரியாறு